கொல்லிமலைப் பானை ஓடுகள்: சேகரித்தலும் இனங்காணலும்

ஆய்வுச்சுருக்கம்

கொல்லிமலையின் பழமை குறித்து இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் சங்க இலக்கியச் சான்றுகளை அடிப்படையாகக் கொண்டவை. தொல்லியல் சான்றுகளுள் மிகுதியாகக் கிடைக்கக்கூடியதும் மிக எளிதில் தவறாகப் பொருள் கொள்ளப்படுவதும் பானை ஓடே ஆகும். மேற்பரப்பில் கிடைக்கும் ஓடுகளை எவ்வாறு சேகரிப்பது, எவ்வரிசையில் ஆராய்ந்து இனங்காண்பது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. வனைந்தோர் முத்திரையைக் கொண்டு காலம் கணிக்கப்படும் அமெரிக்கக் கலை மட்கலங்களோடும், அரிக்கமேட்டில் கிடைத்த அரட்டைன் கலங்களோடும் கொங்குப் பகுதி மட்கலங்கள் ஒப்பிடப்படுகின்றன. ஓட்டின் மீதுள்ள எழுத்தைவிட அது கிடைத்த இடமும் அதன் மண்ணுமே முதன்மைச் சான்றுகள் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, மட்கலம், பானை ஓடு, கீறல் குறி, செம்பழுப்புப் பூச்சு ஓவிய மட்கலம், கொடுமணல், அரிக்கமேடு, மண்குழை.

முன்னுரை

தொல்லியல் களங்களில் மிகுதியாகக் கிடைக்கும் பொருள் பானை ஓடு. மரம் மட்கும், துணி அழியும், இரும்பு துருவேறி உதிரும், பொன்னும் செம்பும் உருக்கப்பட்டு வேறு வடிவம் பெறும். சுட்ட மண் மட்டும் உடைந்த பின்னரும் நிலைத்திருக்கும். உடைந்த கலத்தால் யாருக்கும் பயனில்லை என்பதால், அது எறியப்பட்ட இடத்திலேயே பெரும்பாலும் கிடக்கும். இவ்விரு இயல்புகளும் ஓட்டை நம்பத்தகுந்த சான்றாக ஆக்குகின்றன. ஆயினும் ஓடு தானாகப் பேசுவதில்லை. எங்கே, எந்த நிலையில், எவற்றோடு கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத ஓடு, ஏடு கிழிந்து தனித்துப்போன ஒற்றைச் சொல்லைப் போன்றது.

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கொல்லிமலை, இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற களமாகும். அதே வேளையில் ஆய்வாளரை எளிதில் தடுமாறச் செய்யும் களமும் ஆகும். இதற்கான காரணங்களைக் கூறி, ஓடுகளைச் சேகரித்து இனங்காணும் முறையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொல்லியைப் பற்றிய சான்றுகளின் நிலை

சங்க இலக்கியத்தில் கொல்லிமலை பல இடங்களில் பேசப்படுகின்றது. வல்வில் ஓரியின் வேட்டைத் திறத்தையும் கொடைச் சிறப்பையும் வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் பாடியுள்ளார். ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியைக் கல்லாடனாரின் அகநானூறு 209ஆம் பாடல் தருகின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக ஓரியைச் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடுகின்றது. கொல்லிப்பாவை பற்றிய குறிப்புகள் தொகை நூல்களில் பரவலாக உள்ளன.

இலக்கியத்திற்கு வெளியேயும் சில சான்றுகள் உள்ளன. கரூர்ப் பகுதியில் கிடைத்த சேரர் நாணயங்கள் சிலவற்றில் ‘கொல்லிப்புறை’ என்ற பிராமி எழுத்துப் பொறிப்பு உள்ளது. கரூருக்கு அருகிலுள்ள புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு சேரர் இரும்பொறை மரபின் மூன்று தலைமுறையினரைக் குறிப்பிடுகின்றது. இவை அனைத்தும் கொல்லியோடு தொடர்புடைய ஆட்சியாளர்களைப் பற்றிய சான்றுகள். மலையில் வாழ்ந்தோர் எத்தகைய கலத்தில் சமைத்தனர், எதில் நீர் சேமித்தனர், அக்கலங்களை மலையிலேயே வனைந்தனரா, சமவெளியிலிருந்து பெற்றனரா என்ற வினாக்களுக்கு நாணயமும் பாடலும் விடை தரா. அவ்விடை பானை ஓடுகளில்தான் கிடைக்கும்.

பழைய சேகரிப்புகளைப் பயன்படுத்துவோர் ஊர், மாவட்டப் பெயர்களில் கவனம் கொள்ள வேண்டும். நாமக்கல் மாவட்டம் 1997இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னர் 1965இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதப்பட்ட அருங்காட்சியகச் சீட்டில் ‘சேலம் மாவட்டம்’ என்று மட்டும் இருப்பின், அப்பொருள் மிகப் பரந்த நிலப்பகுதியில் எங்கிருந்தும் வந்திருக்கலாம். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான இராபர்ட் புரூஸ் ஃபூட் தம் வாழ்நாள் சேகரிப்பை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கு விற்றார். அதன் விளக்க அட்டவணை அவர் மறைவுக்குப் பின் 1914இலும், காலமும் பரவலும் குறித்த பகுதி 1916இலும் வெளிவந்தன. ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணும் இடக்குறிப்பும் தந்ததே அச்சேகரிப்பு இன்றும் பயன்படுவதற்குக் காரணமாகும். கற்கருவிகளோடு பானை ஓடுகளையும் அவர் எண்ணிட்டுக் காத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

முத்திரை காலம் சொல்லும் கலங்கள்

மட்கலத்தை இனங்காணுதல் என்றவுடன் அடிப்பகுதியைத் திருப்பி முத்திரையைத் தேடுவது உலகெங்கும் சேகரிப்போரிடம் உள்ள வழக்கம். இவ்வழக்கம் மிகுந்த பயன் தருவது அமெரிக்கக் கலை மட்கலங்களில்தான். ஒகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் மரியா லாங்வொர்த் நிக்கோல்ஸ் 1880இல் நிறுவிய ரூக்வுட் மட்கலக்கூடம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1886 முதல் ‘ஆர்’, ‘பி’ என்னும் இரு எழுத்துகளை இணைத்த முத்திரை அதன் கலங்களில் இடப்பட்டது. 1887 முதல் ஆண்டுக்கு ஒன்றாகத் தீச்சுடர் அம்முத்திரையைச் சுற்றிச் சேர்க்கப்பட்டது. 1900இல் சுடர்களின் எண்ணிக்கை பதினான்காயிற்று. அடுத்த ஆண்டு முதல் முத்திரையின் கீழ் உரோமானிய எண் இடப்பட்டது. வடிவ எண், களிமண் வகையைக் குறிக்கும் எழுத்து, ஓவியம் தீட்டியவரின் பெயரெழுத்து ஆகியனவும் அதே அடிப்பகுதியில் இடம்பெற்றன. நியூ ஆர்லியன்சில் 1895இல் தொடங்கிய நியூகோம்ப் கல்லூரி மட்கலக்கூடத்தின் கலங்களில் ஓவியரின் குறியோடு, கலத்தை வனைந்த ஜோசப் மேயரின் குறியும் உள்ளது. இத்தகைய குறிகளைத் தொகுத்து எட்வின் அட்லீ பார்பர் 1904இல் அமெரிக்கக் குயவர் முத்திரைகள் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

இங்கு முத்திரை என்பது வனைந்தோர் தரும் உறுதிமொழி. கலம் விற்பனைக்குச் செல்வதற்கு முன், கூடத்தின் கணக்கிற்காகவும் பெயருக்காகவும் இடப்பட்டது அது. கலமும் முத்திரையும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் தோன்றியவை. எனவே முத்திரையின் காலத்தைக் கலத்தின் காலமாகக் கொள்ளலாம்.

இத்தகைய முத்திரை தமிழ் நிலத்திற்கும் புதிதன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரோடு தொடர்புடைய அரட்டைன் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. செந்நிற மெருகுடைய அவ்வோடுகள் சிலவற்றில் விபீ, கமுரி, இட்டா எனக் குயவர் கூடங்களின் முத்திரைகள் பதிக்கப்பட்டிருந்தன. ஐரோப்பாவில் காலம் கணிக்கப்பட்ட அக்கலங்களின் துணையால், அதே மண்ணடுக்குகளில் கிடைத்த உள்ளூர் மட்கலங்களுக்கும் காலம் வரையறுக்க முடிந்தது. தென்னிந்திய மட்கல ஆய்வின் கால அடிப்படை இவ்வாறு அமைந்தது.

பெயர் யாருடையது?

அரட்டைன் ஓட்டுக்கும் அதே அரிக்கமேட்டில் கிடைத்த தமிழ் பிராமி ஓட்டுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. முன்னதில் உள்ள பெயர் ஈரமண்ணில் அச்சால் பதிக்கப்பட்டது. பின்னதில் உள்ள பெயர் பெரும்பாலும் சுட்ட கலத்தின் மேல் கூரிய முனையால் கீறப்பட்டது. அக்கீறல் சூளையில் நிகழ்ந்ததன்று. கலத்தைப் பயன்படுத்தியோர் கையில் அது சேர்ந்த பின்னர் நிகழ்ந்தது.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றின் வடகரையில் அமைந்த கொடுமணல், இவ்வேறுபாட்டை அறிய மிகச் சிறந்த களமாகும். பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ எனக் குறிக்கப்படும் இவ்வூரில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் நூற்றுக்கணக்கான எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. ‘கண்ணன் ஆதன்’, ‘சம்பன் சுமணன்’ போன்ற ஆட்பெயர்களும், வணிகக் குழுவைச் சுட்டும் ‘நிகம’ என்ற சொல்லும் அவற்றில் காணப்படுகின்றன. இப்பெயர்களைக் கலத்தின் உடைமையாளர் பெயர்களாக ஆய்வாளர் கொள்கின்றனர். கலத்தை வனைந்த வேட்கோவரின் பெயர் அவற்றில் இல்லை. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மறைந்தபோது தாழி வனையும் குயவரை விளித்து ஐயூர் முடவனார் பாடிய பாடல் (புறம். 228) தொகை நூலில் இடம்பெற்றுள்ளது. அக்குயவர் மரபினர் தம் கலங்களில் பெயர் பொறித்து விற்கும் வழக்கம் உடையவராயிருந்தனர் எனக் கொள்ளத் தமிழகத்து ஓடுகள் இடம் தரவில்லை.

எழுத்தல்லாத கீறல் குறிகளுக்கும் இது பொருந்தும். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2025இல் வெளியிட்ட ஆய்வு நூலில் தமிழகத்தின் 140 இடங்களைச் சேர்ந்த 15,000க்கும் மேற்பட்ட குறியுடைய ஓடுகள் ஆவணப்படுத்தப்பட்டுள்ளன. சிந்துவெளிக் குறிகளோடு இவற்றின் உருவ ஒப்புமையை 1960இலேயே பி.பி. லால் ஆராய்ந்தார். குறியின் பொருள் பற்றிய விவாதம் எவ்வாறாயினும், களத்தில் நிற்கும் ஆய்வாளர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, குறி சுடுவதற்கு முன் இடப்பட்டதா, பின் இடப்பட்டதா என்பதேயாகும்.

அதை அறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றே போதும். ஈரமண்ணில் இட்ட கோட்டின் இருகரையிலும் மண் சற்றே மேலெழுந்து வரப்புப் போல் நிற்கும். கோட்டின் அடி வழுவழுப்பாக இருக்கும். உட்புறத்தின் நிறமும் மேற்பரப்பின் நிறமும் பெரிதும் ஒத்திருக்கும். சுட்ட பின் கீறிய கோட்டின் கரைகள் சிறு சிறு சில்லுகளாகப் பெயர்ந்திருக்கும். மேற்பூச்சு அறுபட்டு உள்மண்ணின் நிறம் வெளித்தெரியும். கோடு வளையுமிடத்தில் கருவி வழுக்கிய தடம் காணப்படும். உழவுக் கருவி பட்டு ஏற்பட்ட கீறலும் உண்டு. அதன் உட்புறம் புதுமையாக, மண்படிவின்றி இருக்கும். இம்மூன்றையும் வேறுபடுத்தாமல் வரைபடம் எடுப்பின், ஏர்முனையின் தடமும் பழங்குறியாகப் பட்டியலில் ஏறிவிடும்.

மண்ணும் பூச்சும் சூளையும்

முத்திரை இல்லாத கலத்தை அதன் மண்குழை, வனைந்த முறை, மேற்பூச்சு, சுட்ட முறை, வடிவம் ஆகிய ஐந்தால் இனங்காண வேண்டும். கொங்குப் பகுதியில் ஆய்வாளர் எதிர்கொள்ளும் முதன்மை வகைகள் கீழ்வருவன.

கருப்பு-சிவப்பு மட்கலம் உட்புறமும் விளிம்பும் கருமையாகவும், வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி செம்மையாகவும் அமைவது. கலத்தைக் கவிழ்த்து, வாய்ப்பகுதி வைக்கோல் முதலிய எரிபொருளில் புதையுமாறு வைத்துச் சுடும்போது உட்புறத்திற்குக் காற்றுச் செல்லாமையால் கருமையும், காற்றுப்படும் வெளிப்புறத்தில் செம்மையும் உண்டாகின்றன என்பது பரவலான விளக்கம். இருமுறை சுடுவதால் இந்நிறங்கள் தோன்றியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. இரும்புக் கால ஈமச்சின்னங்களிலும் தொடக்க வரலாற்றுக் கால வாழ்விடங்களிலும் இவ்வகை கிடைப்பதால், ஓர் ஓடு கருப்பு-சிவப்பு வகையைச் சேர்ந்தது என்பதனால் மட்டும் அதன் நூற்றாண்டைக் கூற இயலாது.

செம்பழுப்புப் பூச்சு ஓவிய மட்கலம் கொங்குப் பகுதிக்குச் சிறப்பாக உரியது. தமிழகத்தின் பிற பகுதிகளைவிடக் கோவை, ஈரோடு, கரூர், சேலம் ஆகிய பகுதிகளில் இது மிகுதி. வெண்ணிறக் குழம்பால் கோடுகள் தீட்டி, அவற்றின் மேல் காவிமண் பூச்சு இட்டுச் சுடுவதால், செம்பழுப்புப் பின்னணியில் கோடுகள் மங்கிய மஞ்சள் சாயலில் தோன்றும். நெளிகோடுகளும், சீப்பால் இழுத்தது போன்ற இணைகோடுகளும் இதன் அடையாளங்கள். கருநாடகத்திலும் ஆந்திரத்திலும் இவ்வகை கிடைக்கின்றது. முன்னர் ஆந்திர மட்கலம் என்றும் அழைக்கப்பட்டது. மேற்பூச்சு மழையில் கரைந்தும் உதிர்ந்தும் போவதால், திறந்த மலைச்சரிவில் கிடக்கும் ஓட்டில் ஓவியம் மறைந்து வெறும் செங்கலம் போலத் தோன்றக்கூடும். விளிம்பின் உட்புற மடிப்பிலும் கழுத்துப் பள்ளத்திலும் பூச்சின் எச்சம் தங்கியிருக்கும். ஆகவே ஓட்டைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுவதற்கு முன் அவ்விடங்களை நோக்க வேண்டும்.

சொரசொரப்பான செந்நிறக் கலமே எண்ணிக்கையில் மிகுதியானதும் இனங்காண்பதற்குக் கடினமானதும் ஆகும். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய சமையற்பானையின் உடற்பகுதி ஓடும், சென்ற தலைமுறையில் உடைந்த பானையின் ஓடும் தோற்றத்தில் ஒத்திருக்கலாம். இங்கு விளிம்பும் கழுத்தும் அடிப்பகுதியுமே வழிகாட்டுவன. உடற்பகுதி ஓட்டைக் கொண்டு காலம் கூறுவதைத் தவிர்த்தல் நன்று.

வனைந்த முறையை உட்புறம் காட்டும். திகிரியில் இழுத்து வனைந்த கலத்தின் உட்புறத்தில் இணையான விரல்வரைகள் சுற்றியோடும். தட்டி வனைந்த கலத்தின் உட்புறத்தில், அணைத்துப் பிடித்த கல் பதிந்த ஆழமற்ற குழிகள் காணப்படும். நூலால் அறுத்தெடுத்த அடிப்பகுதியில் வளைகோடுகள் இருக்கும். புதிதாக உடைத்த ஓரத்தில் நடுப்பகுதி சாம்பல் நிறமாக இருப்பின், சூட்டின் அளவோ நேரமோ குறைந்து, மண்ணிலுள்ள கரிமப்பொருள் முழுமையாக எரியவில்லை என்பது பொருள். உமி கலந்த மண் எனில் உமி எரிந்த இடம் நீண்ட சிறு வெற்றிடமாக எஞ்சும்.

அரிக்கமேடு தரும் பாடம்

மண்ணை நோக்காமல் அழகையும் உத்தியையும் மட்டும் நோக்கி இனங்காண்பதால் ஏற்படும் பிழைக்கு அரிக்கமேட்டின் சக்கர அழகூட்டிய மட்கலமே சான்று. மெல்லிய சாம்பல் நிறமும் மெருகும் உடைய அத்தட்டுகளின் உட்புறத்தில் சிறு பள்ளங்களாலான வளையங்கள் அமைந்துள்ளன. இவ்வழகூட்டும் முறை மத்தியதரைக் கடற்பகுதிக்கு உரியது என்பதால், இக்கலங்களை அப்பகுதியோடு தொடர்புடையனவாக வீலர் கருதினார். பின்னர் விமலா பெக்லி வடிவ, அடுக்கு அடிப்படையில் அக்கருத்தை மறு ஆய்வு செய்தார். 1990களில் விஷ்வாஸ் கோக்டே எக்சு-கதிர் விளிம்பு விளைவு முறையில் களிமண்ணை ஆராய்ந்து, அது வங்காளத்தின் சந்திரகேதுகர்-தம்லுக் பகுதி மண்ணோடு ஒத்திருப்பதைக் காட்டினார். இக்கலங்கள் தெற்காசியாவில் வனையப்பட்டவை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. உரோமானிய வணிகத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட ஒரு கலம், இவ்வாறு கிழக்குக் கடற்கரையின் உள்நாட்டு வணிகத்திற்குச் சான்றாக மாறிற்று. ஓட்டின் வகைப்பெயர் மாறாமலே அதன் வரலாற்றுப் பொருள் முற்றிலும் மாறியது.

கொல்லிமலையின் வினாவும் இத்தகையதே. மலை பெரும்பாலும் சார்னோக்கைட் பாறையால் ஆனது. உச்சிப் பகுதிகளில் அப்பாறை சிதைந்து செம்பாறையும் பாக்சைட்டும் உருவாகியுள்ளன. அங்குள்ள மண்ணில் ஹைப்பர்ஸ்தீன் முதலிய கனிமத் துகள்கள் இருக்க வாய்ப்புண்டு. ஓட்டிலிருந்து 0.03 மில்லிமீட்டர் தடிப்பில் சீவல் எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தால் இத்துகள்களை இனங்காணலாம். ஆயினும் அடிவாரத்திலும் சார்னோக்கைட் உண்டு. ஆகவே ஓட்டின் மண்ணை மலைமேல் மண்ணோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. அடிவார ஏரிமண், ஆற்றுப்படுகை மண் ஆகியவற்றின் மாதிரிகளோடும் ஒப்பிட வேண்டும். மலைக்கு வெளியே தோன்றிய கலம் என்பது உறுதிப்படின், அது வணிகத்தையோ உறவையோ காட்டும் சான்றாகும். மலையிலேயே வனைந்தது எனின், மலையில் நிலைத்து வாழ்ந்த கைவினைஞர் குடியைக் காட்டும். இவ்விரண்டும் வேறுவேறு வரலாறுகள்.

மலைக்களத்தில் சேகரித்தல்

சமவெளி மேட்டில் பின்பற்றும் சேகரிப்பு முறையை மலையில் அப்படியே பின்பற்ற இயலாது. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, சரிவு. வளப்பூர்நாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு முதலிய நாடுகளாக அமைந்த கொல்லிமலை ஊர்களில் வயல்கள் படிப்படியாகச் சரிவில் அமைந்துள்ளன. மழைநீர் மண்ணோடு ஓடுகளையும் கீழே கொண்டு வரும். பள்ளத்தில் குவிந்து கிடக்கும் ஓடுகள் அங்கு வாழிடம் இருந்ததைக் காட்டுவதாகக் கொள்ளக்கூடாது. ஓட்டின் ஓரங்கள் தேய்ந்து உருண்டிருப்பின், அது தொலைவிலிருந்து உருண்டு வந்தது எனக் கொள்ளலாம். ஓரங்கள் கூர்மையாக இருப்பின் அண்மையில் உடைந்தது அல்லது இடம்பெயராதது எனலாம். எனவே சேகரிப்பைப் பள்ளத்தில் தொடங்கி மேல்நோக்கிச் சென்று, ஓடுகள் அற்றுப்போகும் எல்லையைக் குறித்தல் வேண்டும்.

இரண்டாவது, உழவு. மரவள்ளியும் அன்னாசியும் பயிரிடுவதற்காக நிலத்தை ஆழமாகக் கிளறும்போது பல அடுக்குகளின் ஓடுகள் ஒன்றாகக் கலந்து மேலே வரும். அத்தகைய வயலில் ஒன்றாகக் கிடைத்தமையால் மட்டும் இரு ஓடுகளை ஒரே காலத்தன எனக் கூற முடியாது.

மூன்றாவது, கற்திட்டைகள். கொல்லிமலை உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் காணப்படும் இவ்வீமச்சின்னங்கள், புதையல் தேடுவோராலும் கல் எடுப்போராலும் கலைக்கப்பட்டு வந்துள்ளன. கற்திட்டைக்குள் கிடக்கும் ஓடு அதைக் கட்டியோருடையதாகவும் இருக்கலாம். பிற்காலத்தில் அங்கு விளக்கேற்றிப் படைத்தோருடையதாகவும் இருக்கலாம். பழம்பொருள்கள் புதிய வழிபாட்டிற்குள் வருவது இம்மலைத்தொடரில் அறியப்பட்ட செய்தியாகும். அண்மையிலுள்ள சேர்வராயன் மலையில் புதிய கற்காலக் கைக்கோடரிகள் சிறு கோயில்களில் வைத்து வழிபடப்படுவதை முற்கால ஆய்வாளர்களே பதிவு செய்துள்ளனர். அவ்வாறு வழிபாட்டில் உள்ள பொருளை எடுக்காமல், ஊராரின் ஒப்புதலோடு அளந்து படமெடுத்துப் பதிவு செய்வதே முறை.

பதிவேட்டில் இடம்பெற வேண்டியவை எளியவை. புவியிடங்காட்டி தரும் நிலைக்கோடு, உயரம், நிலத்தின் பயன்பாடு, சரிவின் திசை, சேகரித்த பரப்பின் அளவு, நாள் ஆகியன முதலில் வேண்டும். வரையறுத்த கட்டத்திற்குள் உள்ள எல்லா ஓடுகளையும் எண்ண வேண்டும். அழகிய ஓடுகளை மட்டும் பொறுக்கினால், மெருகுள்ள கலமே மிகுதி என்ற பொய்த்தோற்றம் உருவாகும். எண்ணிய பின் விளிம்பு, அடி, பூச்சு, குறி ஆகியவற்றை உடைய ஓடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை அங்கேயே விடலாம். ஒவ்வோர் ஓட்டின் உட்புறத்திலும் அழியா மையால் எண் இட வேண்டும். நிறத்தை மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டு எழுதினால், ஒருவர் ‘செம்பழுப்பு’ என்பதை மற்றொருவர் ‘காவி’ என்னும் குழப்பம் நீங்கும்.

சட்ட எல்லையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் நூறாண்டிற்குக் குறையாத பழமையுடைய கைவினைப் பொருள்களைத் தொல்பொருள் வரையறைக்குள் கொண்டுவருகின்றது. மண்ணுள் மறைந்திருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி. உரிமம் இன்றி அகழ்தல் கூடாது. இவற்றுக்கு அப்பால், ஆய்வேடு முடிந்ததும் ஓடுகள் வீட்டு அலமாரியில் தங்கிவிடாமல், பதிவேட்டோடு துறை அருங்காட்சியகத்திலோ அரசு அருங்காட்சியகத்திலோ சேர்க்கப்படுதல் ஆய்வு ஒழுங்கின் பகுதியாகும்.

முடிவுரை

கொல்லிமலைச் சரிவு ஒன்றில் ‘ஓரி’ என்ற ஈரெழுத்துப் பொறித்த ஓர் ஓடு கிடைப்பதாகக் கொள்வோம். அது வல்வில் ஓரியின் கலம் என்ற செய்தி அன்றே பரவிவிடும். ஆனால் இக்கட்டுரையில் கண்ட அளவுகோல்களின்படி அவ்வோடு எழுப்பும் வினாக்கள் பல. எழுத்து ஈரமண்ணில் இட்டதா, சுட்ட பின் கீறியதா? எழுத்தமைதி எக்காலத்தது? பெயர் முழுமையானதா, உடைந்த பெரும்பெயரின் பகுதியா? அப்பெயருடையோர் ஒருவர் மட்டுமா? ஓடு அங்கேயே உடைந்ததா, சரிவில் உருண்டு வந்ததா? மண் மலையினதா, சமவெளியினதா? கிடைத்த இடம் பதிவாகியிருந்தால் இவற்றுள் பலவற்றுக்கு விடை காணலாம். யாரோ எடுத்துக் கழுவி, இடம் மறந்து கொடுத்த ஓடாயின், எழுத்தைத் தவிர வேறெதற்கும் விடை இராது. அந்த எழுத்தும் ஐயத்திற்கு உள்ளாகும்.

ரூக்வுட் கலத்தைத் திருப்பிச் சுடர்களை எண்ணினால் ஆண்டு தெரியும். அக்கலம் எந்த வீட்டில் இருந்தது என்பது தெரியாவிடினும் அதன் அடையாளம் குறைவதில்லை. தம் பெயரை எழுதாமல் சென்ற வேட்கோவரின் கலத்துக்கு அவ்வசதி இல்லை. அவர் விட்டுச்சென்ற சான்றுகள் மண்ணின் தேர்வும், பூச்சின் கலவையும், சூளையின் சூடும், உட்புறத்து விரல்வரையுமே. அவற்றோடு ஓடு கிடந்த இடத்தையும் சேர்த்துக் காப்பது சேகரிப்பவரின் பொறுப்பு. பாடல்கள் புகழும் கொல்லியில் வாழ்ந்த எளிய குடிகளின் வரலாறு எழுதப்படுவது அப்பொறுப்பு நிறைவேற்றப்படுவதைப் பொறுத்தே அமையும்.